சிவப்பு கருகினால், விளிம்பு உதிர்ந்தால்: செப்பு எனாமலில் பாறைப் பள்ளத்தாக்கு செய்வோருக்கு

அரிசோனாவுக்குக் குடிவந்த பிறகுதான் எனாமல் வேலை கற்றுக்கொண்டேன். அமெரிக்காவிலேயே அதிகமாகச் செம்பு தோண்டப்படும் மாநிலம் இது. இந்த மண்ணின் செம்பில் கண்ணாடித் தூளைத் தூவி, சூளையில் உருக்கி, இதே மண்ணின் பாறைகளை வரைவது எனக்கு அவ்வளவு பிடித்த வேலை. ஆனால் பாறைப் பள்ளத்தாக்கு எனாமலுக்குச் சுலபமாக வசப்படுவதில்லை. பூ வரைகிறவருக்குச் சிவப்பு ஓர் இதழில் வந்து போகும். நமக்குத் தகடு முழுக்கச் சிவப்பும் காவியும் ஆரஞ்சும்தான். எனாமலில் சூட்டைத் தாங்கத் தெரியாத நிறங்களும் அவைதான். அதனால் மற்றவர்களுக்கு எப்போதாவது வரும் பிழைகள் நமக்கு அடிக்கடி வரும்.

கீழே சொல்வதெல்லாம் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை கனமுள்ள தூய செப்புத் தகடு, சல்லடையால் தூவும் தூள் எனாமல், சிறிய மின்சூளை ஆகியவற்றை வைத்து. சூளையின் வெப்பம் 760 முதல் 820 டிகிரி செல்சியஸ் வரை. செம்பு 1085 டிகிரியில்தான் உருகும், ஆகவே தகடு உருகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

ஒரு பிழையைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது எப்போது தெரிந்தது என்பது. சூளைக்குள் இருந்து எடுக்கும்போதே இருந்ததா? ஆறும்போது வந்ததா? இரண்டு நாள் கழித்து வந்ததா? சூளையிலேயே வந்தது என்றால் சூடு, அழுக்கு, ஈரம், இந்த மூன்றில் ஒன்று. ஆறும்போதோ பிறகோ வந்தது என்றால் அது செம்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலான இழுபறி. இதைப் பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

சிவப்பு பழுப்பாகவோ கருப்பாகவோ மாறிவிட்டது

முதலில் ஒரு நிமிடம் பொறுங்கள். சிவப்பும் ஆரஞ்சும் சூளையிலிருந்து வெளிவரும்போது கருத்துத்தான் இருக்கும். ஆற ஆற அவற்றின் நிறம் திரும்பி வரும். புதிதாகச் செய்பவர்கள் பலர் இதைப் பார்த்துப் பதறி, இன்னும் வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே வைத்து, நன்றாக இருந்ததைக் கருக்கிவிடுகிறார்கள். கை பொறுக்கும் சூடு வரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஆறிய பிறகும் பழுப்பாகவே இருந்தால் அது கருகியதுதான். ஒளி புகாத சிவப்பு, ஆரஞ்சு எனாமல்களுக்கு நிறம் தருவது காட்மியமும் செலினியமும் சேர்ந்த கூட்டுப்பொருள். அதிகச் சூடோ, அதிக நேரமோ, திரும்பத் திரும்பச் சுடுவதோ அதைச் சிதைத்துவிடும். சிதைந்த நிறத்தை எந்தச் சூடும் திருப்பித் தராது. அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லால் தேய்த்துக் குறைத்து, மேலே புதுச் சிவப்பைத் தூவி, 760 டிகிரியை ஒட்டிய சூட்டில், பளபளப்பு வந்த கணமே எடுத்துவிட வேண்டும். என் சிறிய சூளையில் அது இரண்டு நிமிடம். உங்கள் சூளையில் எவ்வளவு என்பதை ஒரு சோதனைத் துண்டு சொல்லும்.

மருந்து அவ்வளவுதான். ஆனால் காரணம் பெரும்பாலும் வேலையின் வரிசையில் இருக்கிறது. சிவப்பை முதல் சுற்றிலேயே போட்டுவிட்டு, அதன் மேல் நிழல், அடுக்குக் கோடு, வானம் என்று இன்னும் ஐந்து முறை சுட்டால் அது எப்படித் தாங்கும்?

கிராண்ட் கேன்யனில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு ரெட்வால் என்று பெயர். பெயர்தான் செஞ்சுவர். உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். அதற்கு மேலே உள்ள சுபாய், ஹெர்மிட் என்ற செம்பாறை அடுக்குகளிலிருந்து மழைநீரோடு வழிந்த இரும்பு ஆக்சைடு படிந்துதான் அந்தச் சுவர் சிவந்திருக்கிறது. சிவப்பு அங்கே வெறும் தோல். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நானும் அப்படியே செய்கிறேன். முதலில் சாம்பல், பழுப்பு, காவி போன்ற சூடு தாங்கும் நிறங்களால் பாறையின் உடம்பு முழுவதையும் கட்டிவிடுவேன். எத்தனை முறை சுட்டாலும் அவை அசையாது. சிவப்பு கடைசிச் சுற்றுகளில் மட்டும், மெல்லிய தூவலாக, மேலிருந்து கீழே வழிந்தது போல. நிறம் கருகுவது நின்றது மட்டுமல்ல, பாறையும் பாறையாகத் தெரிய ஆரம்பித்தது.

கருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஈய எனாமல் கையிருப்பில் இருந்து, அதன் மேல் இன்றைய ஈயமில்லாத சிவப்பைத் தூவினாலும் கருக்கும். ஈயமும் இந்தச் சிவப்பும் ஒத்துப்போகாது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரே தகட்டில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பொன்னாக மின்ன வேண்டிய இடம் கலங்கிய செங்கல் நிறத்தில் இருக்கிறது

அரிசோனாவின் பேஜ் ஊருக்கு அருகில், நவஹோ மக்களின் நிலத்தில் இருக்கும் ஆன்டெலோப் கேன்யன் போன்ற ஒடுங்கிய பிளவுகளைச் செய்யும்போது இந்தப் பிரச்சினை வரும். தண்ணீர் அரித்த மணற்பாறைச் சுவர்கள் அவை. மேலிருந்து விழும் வெயில் சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து, உள்ளே பாறையே எரிவது போல இருக்கும். அந்த ஒளியை ஒளி புகாத எந்த மஞ்சளாலும் கொண்டுவர முடியாது என்பது என் தீர்மானமான கருத்து. நிறமற்ற எனாமலுக்கு அடியில் செம்பையே தெரிய விட்டால்தான் அது வரும்.

அப்படி விட்ட இடம் கலங்கிச் சிவந்திருந்தால் பெரும்பாலும் சூடு போதவில்லை. தகடு சூடேறும்போது அதன் மேல் ஆக்சைடு படியும். முதலில் சிவப்பு, பிறகு கருப்பு. உருகிய கண்ணாடி அந்த ஆக்சைடைக் கரைத்து விழுங்கிய பிறகுதான் அடியில் உள்ள பளீரென்ற உலோகம் தெரியும். பாதியில் எடுத்துவிட்டால் அந்தச் சிவப்புப் படலம் அப்படியே சிறைப்பட்டுவிடும். 815 டிகிரியில் மறுபடி வையுங்கள். நிறம் செங்கல்லிலிருந்து இளஞ்சிவப்புக்கும் பிறகு பொன்னுக்கும் நகர்வதை ஆறிய பின் ஒவ்வொரு முறையும் பார்க்கலாம். இதனால்தான் இந்த அடுக்கு முதல் சுற்றிலேயே முடிந்துவிட வேண்டும். சிவப்பு மேலே வந்த பிறகு இவ்வளவு சூட்டுக்குப் போக வழியில்லை.

சூடு ஏற்றியும் தெளியவில்லையா? அப்போது தூளைப் பாருங்கள். டப்பாவில் வரும் தூளில் மாவு போன்ற மிக நுண்ணிய துகள்களும் இருக்கும். அவைதான் கண்ணாடியைப் பால் போலக் கலக்குகின்றன. அரிசி களைவது போல, தூளில் தண்ணீர் விட்டுச் சுழற்றி, கனமான துகள் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் பால்நீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு முறை ஆகும். கடைசி இரண்டு களைதலுக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஃபீனிக்ஸ் பக்கம் குழாயில் வருவது கடுமையான உப்புத் தண்ணீர். அந்த உப்பே மங்கலாகப் படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீர், நம்மூரில் பேட்டரித் தண்ணீர் என்று விற்பார்களே, அதைப் பயன்படுத்துங்கள். வடித்த பால்நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் சேர்த்துத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைத் தனியாக அகற்றுங்கள். தூள் தூவும்போதும் முகக்கவசம் கட்டாயம். இது கண்ணாடித் தூசி, அதிலும் காட்மியம் கலந்தது. சாப்பிடும் மேசையில் இந்த வேலையே கூடாது.

சில இடங்களில் அந்தச் செங்கல் நிறமே அழகாகப் பொருந்திவிடும். பிளவின் அடிப்பகுதியில், ஒளி எட்டாத இடத்தில், நான் வேண்டுமென்றே மெல்லிய பூச்சாகப் போட்டுக் குறைவாகச் சுடுவதும் உண்டு.

விளிம்பில் பச்சையும் கருப்புமாக எரிந்த கோடு

அங்கே எனாமல் மெலிந்திருக்கிறது. மெல்லிய கண்ணாடியில் செப்பு ஆக்சைடு அளவுக்கு மீறிக் கரைந்து பச்சையாகி, பிறகு கருத்துப் போகிறது. தூவும்போது விளிம்பிலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் விளிம்புக்கு மிச்சம்தான் கிடைக்கும். எரிந்த விளிம்பைத் தேய்த்து, சுத்தம் செய்து, அங்கே மட்டும் தூவிச் சுட்டால் சரியாகிவிடும்.

வெளிர்ப் பாறையில் கரும்புள்ளிகள்

கிராண்ட் கேன்யனின் மேலடுக்குகளில் ஒன்றான கோகொனினோ மணற்பாறையின் வெண்மஞ்சள் பட்டையைப் போடும்போது இந்தப் புள்ளிகள் கண்ணை உறுத்தும். அவை கருப்பு ஆக்சைடுச் செதில்கள். எனாமல் மூடாத செம்பு, அதாவது தகட்டின் விளிம்பு, சூளையில் கருத்து, ஆறும்போது செதில் செதிலாகத் தெறிக்கும். தெறித்த துணுக்கு பக்கத்துத் தகட்டிலோ, அடுத்த சுற்றுக்குத் தூவி வைத்த தூளிலோ விழுந்துவிடும். தகட்டைத் தாங்கும் கம்பியிலும் சூளைத் தரையிலும் அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் விளிம்பை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அதைத் தூள் இருக்கும் மேசையில் செய்யாமல், குழாயடியில் ஓடும் நீரில் செய்யுங்கள். பிடிவாதமான கருப்புக்கு எலுமிச்சை உப்பைக் கரைத்த வெந்நீரில் ஊறப்போடலாம். கடும் அமிலம் எதுவும் தேவையில்லை. முதல் சுற்றுக்கு முன் தகட்டைத் துலக்க நம் வீட்டுப் புளியும் உப்பும்கூடப் போதும். செப்புக் குடம் துலக்கிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. துலக்கிய பிறகு நன்றாக அலசி, தண்ணீர் தகடு முழுக்க ஒரே படலமாக நிற்கிறதா என்று பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருக்கிறது. அதன் பிறகு விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ளே புதைந்த புள்ளியை வைரத்தூள் பதித்த சிறு முனையால் தோண்டியெடுத்து, குழியை நிரப்பிச் சுடலாம். ஆனால் செய்வதற்கு முன் ஒரு முறை தள்ளி நின்று பாருங்கள். பாலைவனப் பாறைகளின் மேல் மாங்கனீசும் இரும்பும் கலந்த கருந்தோல் கோடு கோடாக வழிந்திருப்பது இயற்கைதான். புள்ளி அப்படிப்பட்ட இடத்தில் விழுந்திருந்தால், அதிலிருந்து ஒரு கருங்கோட்டை இழுத்துவிடலாம்.

ஆறும்போது டிக் டிக் என்று சத்தம், மறுநாள் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறது

பிழைகளிலேயே மனதை அதிகம் உடைப்பது இதுதான். எட்டு முறை சுட்டு முடித்து, சுவரில் மாட்டிய பிறகு ஒரு துண்டு உதிர்ந்து கீழே கிடக்கும். எனக்கு முதல் வருடம் மூன்று தகடுகள் இப்படிப் போயின.

என்ன நடக்கிறது என்றால், ஏறக்குறைய 500 டிகிரியில் கண்ணாடி இறுகிச் செம்போடு கெட்டியாகிவிடுகிறது. அங்கிருந்து அறை வெப்பம் வரை இறங்குவதற்குள் 10 சென்டிமீட்டர் செப்புத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் சுருங்கும். கண்ணாடி அவ்வளவு சுருங்காது. செம்பு தன் பக்கம் இழுக்கிறது, கண்ணாடி நெருக்கப்படுகிறது. நெருக்கத்தைக் கண்ணாடி நன்றாகவே தாங்கும், ஆனால் ஓர் அளவுக்குத்தான். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தால் தகடு வில்லாக வளையப் பார்க்கும். அந்த அழுத்தம் விளிம்பில் வந்து வெடிக்கும்.

ஆகவே சில்லு பெயர்ந்தால் தகட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்னால் எனாமல் இருக்கிறதா? முன்பக்கத்தின் கனத்துக்கு ஈடாக இருக்கிறதா? பள்ளத்தாக்குப் படங்களில் நாம் முன்னால் அடுக்கு மேல் அடுக்காக ஏற்றிக்கொண்டே போகிறோம், பின்னால் முதல் நாள் போட்ட ஒற்றைப் பூச்சு அப்படியே கிடக்கும். நான் இப்போது முன்பக்கம் மூன்று முறை தூவினால் பின்பக்கம் ஒரு முறையாவது தூவிவிடுகிறேன். மிச்சம் மீதித் தூள்களையெல்லாம் சேர்த்து வைக்கும் டப்பா அதற்குத்தான்.

சில்லின் வடிவத்தையும் கவனியுங்கள். விளிம்பில் பிறை வடிவில் பெயர்ந்திருந்தால் அங்கே எனாமல் தடித்திருக்கிறது, அல்லது பின்பக்கம் போதவில்லை. நடுவில் நீளமாக மயிரிழை விரிசல் ஓடினால், தகடு சூடாக இருக்கும்போது வளைந்தது, அல்லது ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் ஆறியது. ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தாலே இது நடக்கும். இங்கே கோடையில் எந்நேரமும் ஏசி ஓடும், அதனால் சூளை மேலேயே ஒரு மூலையில் ஆறவிடுகிறேன்.

மயிரிழை விரிசல் மறுசூட்டில் ஒட்டிக்கொள்ளும். காரணத்தைச் சரிசெய்யாமல் ஒட்டவைத்தால் அதே இடத்தில் மறுபடி வரும். பெயர்ந்த இடத்துக்கு முதலில் பின்பக்கத்துக்குக் கனம் கூட்டி, பிறகு முன்பக்கக் குழியைச் சுத்தம் செய்து, மெல்ல மெல்ல இரண்டு சுற்றில் நிரப்புங்கள். ஒரே தடவையில் குவித்து நிரப்பக் கூடாது.

தகடு வளைந்துவிட்டது

காரணம் மேலே சொன்னதேதான். சூளையிலிருந்து எடுத்ததும், செந்தணல் நிறம் போய், கண்ணாடி இன்னும் முழுதாக இறுகாத அந்தச் சில நொடிகளில், சமமான இரும்புப் பலகை மேல் வைத்து, கனமான பழைய இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துவிடுங்கள். செந்தணலாக இருக்கும்போதே வைத்தால் இஸ்திரிப் பெட்டி ஒட்டிக்கொள்ளும். ஆறிய தகட்டைக் கையால் நிமிர்த்த முயன்றால் எனாமல் முழுக்கத் தெறிக்கும்.

ஊசிக்குழிகளும் கொப்புளங்களும்

பெரும்பாலும் ஈரம். தூவியதை நிறுத்திவைக்கத் தெளிக்கும் பசைநீர் முழுதாகக் காயாமல் சூளைக்குள் போனால் நீராவி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூளை மேல் தகட்டை வைத்து, ஆவி வருவது முற்றிலும் நின்ற பிறகே உள்ளே வையுங்கள். பசை அதிகமானாலும் இதே கதி. மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போல மேடும் பள்ளமுமாக இருந்தால் அது கொப்புளம் அல்ல, வேகவில்லை என்று பொருள். இன்னும் அரை நிமிடம் போதும். உண்மையான குழி என்றால் குத்தித் திறந்து, தேய்த்து, நிரப்பிச் சுட வேண்டும். திறக்காமல் மேலே தூவினால் காற்று உள்ளேயே இருந்து அடுத்த சூட்டில் மறுபடி எழும்.

அடுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன

நவஹோ மணற்பாறையின் சாய்வான கோடுகள் காற்று குவித்த பழங்கால மணல்மேடுகளின் தடம். அந்தக் கூர்மை போனால் பாறை வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். எல்லா எனாமலும் ஒரே சூட்டில் உருகுவதில்லை. சிலது இளகியது, சிலது கடினமானது. இளகியது அடியிலும் கடினமானது மேலேயும் இருந்தால், மேலது உருகுவதற்குள் அடியிலுள்ளது பொங்கி, கோட்டை உடைத்துக்கொண்டு மேலே வரும். கடினமானதை முதலிலும் இளகியதைக் கடைசியிலும் போடுங்கள். நல்லவேளையாக, சிவப்பைக் கடைசியில் போடும் வரிசையோடு இது அனேகமாக ஒத்துப்போகும்.

கோடுகளைத் தூவி வரைவதைவிடக் கீறி எடுப்பது எனக்குச் சரியாக வருகிறது. சுட்ட கருங்காவி அடுக்கின் மேல் வெளிர்க்காவித் தூளைத் தூவி, பசைநீர் காய்ந்த பின், மூங்கில் குச்சியால் கீறினால் அடியிலுள்ள கருமை கோடாகத் தெரியும். அப்படியே சுட வேண்டியதுதான்.

எனாமல் தகட்டில் ஒட்டவே இல்லை, ஆறியதும் பொருக்காக உரிந்து வருகிறது

தகடு செம்புதானா என்று பாருங்கள். பித்தளையாக இருந்தால் அதிலுள்ள துத்தநாகம் எனாமலைத் தங்கவிடாது. செம்புதான் என்றால் எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டுமே தகட்டைத் துலக்கும் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய பிழைகள்.

எல்லாம் சரியாக வந்திருக்கிறது, ஆனால் பாறை மாதிரி இல்லை

பளபளப்புதான் காரணம். மணற்பாறை ஒருபோதும் மின்னாது. ஓடும் தண்ணீரில், முதலில் கரடான, பிறகு நைசான வைரத்தூள் பட்டையால் பாறைப் பகுதியை மட்டும் தேய்த்து மங்கலாக்குங்கள். செம்பு தெரியும் பிளவை மட்டும் பளபளப்பாக விட்டுவிடுங்கள்; ஒளி அங்கிருந்து வருவது போல இருக்கும். தேய்த்த பிறகு மறுபடி சுட்டால் மினுமினுப்பு திரும்பிவிடும், ஆகவே மாட்டுவதற்கான கொக்கி, பின்பக்கத் திருத்தம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசி வேலையாக இதைச் செய்யுங்கள். தேய்த்த இடத்தில் தங்கும் மாவைக் கண்ணாடியிழை பிரஷ்ஷால் ஓடும் நீரிலேயே கழுவிவிடுங்கள். அது காய்ந்துவிட்டால் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.